கசப்பு யார் வாயில்?

“சுவிட்சை அணைச்சிருக்கு. பிளக்கைப் பிடுங்கி ஓரமா வச்சிருக்கு. அதுக்கப்புறம்தான் நிதானமா உட்கார்ந்து கடிச்சிருக்கு. பொறுப்பான பூனை, பாஸ். நம்ம ஆபீஸுக்கு எடுத்துக்கலாம்,” என்றார் மொக்கையார்.

டிகிரி சிரிக்கவில்லை. மேஜைக்கடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லேப்டாப் சார்ஜரின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புத் தோல் உரிந்து, உள்ளேயிருந்த செம்பு இழைகள் ஒடிந்து நீட்டிக்கொண்டிருந்தன.

டிகிரி என்பது அவள் பெயர் இல்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் என்பதற்காகச் சித்தப்பா கேலியாக வைத்தது. பாத்திரம் கழுவப் போனால், “டிகிரி கழுவுமா?” கோபப்பட்டால், “டிகிரிக்குச் சூடு ஏறுது பாரு.” அந்தக் கேலியையே எடுத்து, மாடிப்படிக்குக் கீழே வாடகைக்குப் பிடித்த துப்பறியும் ஆபீஸின் பலகையில் எழுதிக்கொண்டாள். கேலி பேசின வாய்கள் அடைந்துவிடும் என்று அன்றைக்கு ஒரு நம்பிக்கை. அடையவில்லை. அடையாது. அது அவளுக்கு இப்போது தெரியும்.

மொக்கையார் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். வீடு வீடாகப் போய்க் குடிநீர் மெஷின் விற்றவர். திறக்காத கதவே இல்லை என்று பெருமையடிப்பார். முகத்தில் அறைந்து மூடின கதவுகளைப் பற்றிப் பேசமாட்டார். அவருடைய நகைச்சுவைக்கு ஊர் வைத்த பெயர்தான் மொக்கை. மரியாதைக்கு ‘யார்’ சேர்த்தது டிகிரி.

கேஸைக் கொண்டுவந்தவள் இந்த வீட்டு மருமகள். இப்போது அறை வாசலில் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து அவள் விரும்பிக் கொண்டுவந்த ஒரே பொருள் அந்தப் பூனை. தான் ஒரு வேலையும் செய்யாமல் அடுத்தவர் செய்கிற வேலையை முறைத்துப் பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

மேனேஜர் ஒன்றும் உத்தமி இல்லை. வந்த புதிதில் மருமகளுடைய புருஷனின் ஃபோன் சார்ஜரைச் சவைத்துக் கந்தலாக்கியது. அதற்குப் பிறகு மருமகள் கீழே கிடந்த வயரையெல்லாம் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்தாள். கடிக்கத் தனியாக ஒரு கயிற்று முடிச்சு கட்டிக் கொடுத்தாள். பூனைக்கு ஆகாத வாசனை என்று ஆரஞ்சுத் தோலை மேஜையோரம் வைத்தாள். பூனை திருந்திவிட்டது. ஆனால் ஒருமுறை திருடியவளின் மேல்தான் ஊருக்கு எப்போதும் கண். கொஞ்ச நாளாக நாத்தனாரின் அறையில் மட்டும் வயர்கள் கடிபட ஆரம்பித்தன. அதுவும் நாத்தனாருக்கு இண்டர்வியூ இருக்கிற காலையாகப் பார்த்து. முதலில் இண்டர்நெட் வயர், அப்புறம் ஹெட்ஃபோன், அப்புறம் சார்ஜர். இன்றைக்கு அதே சார்ஜர், மறுபடியும்.

“இன்னொரு தடவை நடந்தா என் கம்பெனி குடோன்ல எலி பிடிக்க விட்டுடுவேன்,” என்று புருஷன் சொல்லியிருந்தான். இன்னொரு தடவை நடந்துவிட்டது. கூடை வாசலில் தயாராக இருந்தது.

“முந்தாநாள் நான் தடவினது அப்படியேதானே இருந்துச்சு?” டிகிரி மருமகளிடம் மெல்லக் கேட்டாள்.

“யாருகிட்டயும் மூச்சு விடலை. துணி போட்டுத் துடைக்கவும் இல்லை.”

டிகிரி தடவியது, சின்னப் பிள்ளைகள் நகம் கடிக்காமலிருக்கப் போடுகிற கசப்பு மருந்து. காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. நாக்கில் பட்டால் அரை நாளைக்கு விடாது. தடவின அன்றே மேனேஜர் ஒரு நக்கு நக்கிப் பார்த்து, எச்சில் ஒழுக வீட்டைச் சுற்றி ஓடி, அலமாரி மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த மேஜையைக் கண்டாலே சுவரோரமாக ஒதுங்கிப் போகிறது.

ஆக, இந்த வீட்டில் யாரோ ஒருவரின் வாய் இப்போது கசந்துகொண்டிருக்கிறது.

கட்டில் விளிம்பில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. கீழே பூப்போட்ட பைஜாமா.

“காமிராவுக்குத் தெரியற வரைக்கும் ஆபீஸ். அதுக்குக் கீழே வீடு,” என்று மொக்கையார் முணுமுணுத்தார்.

“இண்டர்வியூ?” என்றாள் டிகிரி.

“எங்கே? சார்ஜரே இல்லையே. தேதி மாத்தித் தரச் சொல்லி மெயில் போட்டிருக்கேன்.” பெப்பர்மிண்ட் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினாள். கண் சிவந்திருந்தது. ஃபோன் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

மொக்கையார் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்த்தார். “ஏகப்பட்ட மிட்டாய்த் தாள். இண்டர்வியூவா, பிறந்தநாளா?”

“தொண்டை காயாம இருக்க.”

“சும்மா இருங்க மொக்கையாரே,” என்று அதட்டினாள் டிகிரி. அந்தப் பெண்ணுக்காக அவளுக்குக் கோபம் வந்தது. எல்லா வீட்டிலும் இதே கதை. பெண் ஒரு படி ஏறினால் காலைப் பிடித்து இழுக்க ஒரு கை கட்டாயம் இருக்கும். அந்தக் கையை இன்றைக்கு எல்லார் முன்னாலும் முறுக்க வேண்டும். “டீ போடுங்க,” என்றாள் மருமகளிடம். “எல்லாருக்கும். சர்க்கரை தூக்கலா.”

“எனக்கு வேண்டாம்,” என்றாள் நாத்தனார். “இப்போ டீ ஒண்ணுதான் எனக்குக் கேடு.”

டிகிரி அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்துக்குப் போகும் வழியில் மொக்கையார் முகம் கழுவப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். “பாஸ், வாஷ்பேசின் மேல ஒருத்தர் டம்ளர் தண்ணிக்குள்ள இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கறார்.”

“எங்க மாமாவோட பல்செட்,” என்றாள் மருமகள், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே. “லூசாயிடுச்சு. போட்டா பேசறப்போ வெளியே வந்துடும். வெளியூர் போனாத்தான் போடுவார்.”

கூடத்தில் மாமனார் நாற்காலியில் இருந்தார். வாழ்நாள் முழுக்க வீடுகளுக்கு வயரிங் செய்தவர். இப்போது கால் முட்டி ஏணியேற விடுவதில்லை. டீ வந்ததும் பிஸ்கட்டை முக்கி, அது குழைகிறவரை காத்திருந்து வாயில் போட்டுக்கொண்டார். மருமகள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அவள் புருஷன், அதாவது நாத்தனாரின் அண்ணன், கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன், கூடை பக்கத்தில் நின்றபடி டீயைத் தொடாமல் வைத்திருந்தான்.

டிகிரி அவனுக்கு எதிரே போய் நின்றாள். “டீ ஆறுது.”

“ஆறட்டும்.”

“குடிக்க முடியலையா? வாய் கசக்குதா?”

“என்ன பேசறீங்க நீங்க?” வேன்காரன் மருமகளைப் பார்த்தான். “பூனைக்குத் துப்பறிய ஆள் கூட்டிட்டு வந்திருக்கியேன்னு நான் வெட்கப்பட்டுக்கிட்டு நிக்கறேன். இவங்க என் வாயை மோந்து பார்க்கறாங்க.”

“வயர்ல கசப்பு மருந்து தடவியிருக்கேன். கடிச்சவனுக்கு இன்னிக்கு எதுவும் இறங்காது,” என்றாள் டிகிரி. குரல் தானாக ஏறியது. “உங்களை மாதிரி ஆளுங்களை எனக்கு நல்லாத் தெரியும். தங்கச்சி படிக்கிற வரைக்கும் ஊருக்கெல்லாம் பீத்திக்குவீங்க. அவ கோட்டுப் போட்டு உட்கார்ந்தா மட்டும் எங்கேயோ பத்திக்கும். நாளைக்கு அவ முன்னாடி நீங்க கைகட்டி நிக்கணுமேன்னு பயம். நேரா சொல்லத் தைரியம் இல்லை, அதனால வயரைக் கடிச்சுட்டுப் பூனை மேல போட்டுட்டீங்க. வாயில்லா ஜீவன். வசதி.”



வேன்காரன் டம்ளரை எடுத்தான். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஆறிப்போன டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். முகத்தில் ஒரு சுளிப்பில்லை. “சர்க்கரை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்,” என்று மருமகளிடம் டம்ளரை நீட்டினான். “இன்னொண்ணு ஊத்து.” பிறகு டிகிரியிடம் திரும்பினான். “இண்டர்வியூ அன்னிக்கெல்லாம் வேனை நியூட்ரல்ல போட்டு, தெரு முனை வரைக்கும் கையால தள்ளிட்டுப் போய்த்தான் ஸ்டார்ட் பண்றேன். எதுக்குன்னு இவளைக் கேளுங்க.”

“இஞ்சின் சத்தம் ரூமுக்குள்ள கேட்கும்,” என்றாள் மருமகள் குனிந்தபடி. “நான் குக்கர் வைக்கறதில்லை. விசில் வரும்னு. அன்னிக்கெல்லாம் எங்களுக்கு வெறும் பிரெட்தான்.”

“தள்ளிட்டுப் போறப்போ தெருவே பார்த்துச் சிரிக்கும். வண்டி ரிப்பேரான்னு கேட்கும். ஆமான்னு சொல்லிடுவேன்.” அவன் கூடையைக் காலால் நகர்த்தினான். “இவ்வளவு பண்ணி எல்லாத்தையும் ஒரு பூனை கெடுத்துட்டா, அதை வச்சுக் கொஞ்சச் சொல்றீங்களா?”

டிகிரிக்குக் காது மடல் சுட்டது.

“பாஸ்,” என்று மொக்கையார் காதருகே வந்தார், “ஒரு ஸாரி சொல்லிட்டா சீக்கிரம் அடுத்த ஆளுக்குப் போயிடலாம்.”

அந்த வார்த்தை அவளுக்கு வரவில்லை. மருமகளிடம், “பூனை வந்த புதுசுல கடிச்சுதே, அந்த சார்ஜர் இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. இந்த வீட்டில் எந்த வயரையும் தூக்கிப் போடுவதில்லையாம். சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்துகிற இடத்தில், வெளிச்சத்தில், டிகிரி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். பூனை கடித்ததில் ஊசி குத்தினதுபோல நீளம் முழுக்கப் பொத்தல். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், பொழுது போகாமல் சவைத்த அடையாளம். இன்றைக்குக் கடிபட்டதில் அப்படி எதுவும் இல்லை. சுற்றி வட்டமாக ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து தோல் மோதிரம் மாதிரி கழன்று வந்திருந்தது. செம்பை விரலால் மடக்கி மடக்கி ஒடித்திருந்தார்கள். பல் செம்பைத் தொடவே இல்லை.

“இது கடிக்கத் தெரிஞ்ச கடி,” என்றாள்.

“எங்க ஏரியா எலெக்ட்ரீஷியன் இப்படித்தான் உரிப்பார்,” என்றார் மொக்கையார். “கட்டிங் பிளேயர் பையில இருக்கும். எடுக்கச் சோம்பல். பல்லுக்குக் குடுத்து ஒரு இழு. வாயில இருக்கற பிளாஸ்டிக்கைத் துப்பிட்டுக் கூலி கேட்பார்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மாமனார் டீயோடு பின்னால் வந்து நின்றிருந்தார். கொடியில் தொங்கிய துவாலைக்குக் கீழே, சுவரோரம் அவருடைய பழைய கருவிப் பை.

“முன்னாடி கடிபட்ட வயரையெல்லாம் நீங்கதானே ஒட்டினீங்க?” என்றாள் டிகிரி.

“ஆமாம்மா.”

“கடிபட்ட நுனியெல்லாம் எங்கே?”

“ஜாயிண்ட் போட்டா நுனியை வெட்டித்தானே ஆகணும்.”

“வெட்டினது எங்கேன்னு கேட்டேன்.”

அவர் பார்வை சுவரோரப் பைக்குப் போனது. மொக்கையார் கேட்காமலேயே பையைத் திறந்தார். அடியில் கறுப்பு டேப்பு சுற்றிய ஒரு உருண்டை. பிரித்துப் பார்த்தால் உள்ளே வயர்த் துண்டுகள். ஒவ்வொன்றிலும் அதே வட்டக் கோடு, அதே மோதிரம். யார் கண்ணிலும் படக் கூடாதென்று சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தது.

“இந்த வீட்டுல இப்படி உரிக்கத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர். மறைச்சதும் நீங்க.” டிகிரிக்கு மறுபடி சூடு ஏறியது. அண்ணன் இல்லாவிட்டால் அப்பன். அவள் கணக்கு அவ்வளவு தூரம் தப்பவில்லை. “பெத்த பொண்ணு வேலைக்குப் போறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

மாமனார் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கின பிஸ்கட் அளவுக்கு மீறி ஊறி, பாதி உடைந்து டீக்குள் விழுந்தது. அதை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்ச டீயையும் குடித்தார். ஈறுகள் மெல்ல அசைந்தன. மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை.

“பாஸ்,” மொக்கையாரின் குரலில் முதல்முறையாகக் கேலி இல்லை. “இவர் பல்லு டம்ளர்ல இருக்கு.”

டிகிரி கையிலிருந்த வயரைப் பார்த்தாள். பிறகு அந்த வாயைப் பார்த்தாள். ஊறின பிஸ்கட்டையே உருட்டி விழுங்குகிற வாய்.

“பூனைன்னே சொல்லிடும்மா,” என்றார் மாமனார், தணிந்த குரலில். “பூனைக்கு என்ன, எங்கே போனாலும் எலி இருக்கும்.”

“உங்களுக்கு முதல் தடவையே தெரிஞ்சு போச்சு.”

அவர் கொடியில் தொங்கிய துணியை நகர்த்திவிட்டார், தேவையில்லாமல்.

“யாருக்குக் கத்துக்குடுத்தீங்க இந்த வேலையை?”

“கத்தெல்லாம் குடுக்கலை.” துணியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். “லீவு விட்டா சின்னது என்கூட வரும். நான் ஏணி மேல இருப்பேன், ரெண்டு கையும் வேலையா இருக்கும். வயரைக் கீழே தொங்கவிட்டா பல்லால உரிச்சு மேலே நீட்டும். பால் பல்லு ஆடற வயசு. பெரியவன் உரிச்சா செம்பு நறுங்கிப் போகும். அது உரிச்சா ஒரு கீறல் இருக்காது.” அவர் குரலில் பெருமைதான் இருந்தது. அதைக் கேட்கத்தான் டிகிரியால் முடியவில்லை.

நாத்தனாரின் அறைக் கதவை டிகிரி தட்டவில்லை. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். மொக்கையார் வெளியே நின்றார்.

“இன்னொரு பெப்பர்மிண்ட் போட்டுக்கிட்டியா?”

நாத்தனார் நிமிர்ந்தாள்.

“எத்தனை தின்னாலும் போகாது. சாயங்காலம் வரைக்கும் இருக்கும். நான்தான் தடவினேன்.” டிகிரி மேஜை மேலிருந்த லேப்டாப்பைத் திறந்தாள். திரை பளிச்சென்று விழித்தது. மூலையில் பேட்டரி முழுசாக இருந்தது. “சார்ஜரே இல்லாம ரெண்டு இண்டர்வியூ குடுக்கலாம். இண்டர்நெட் வயர் போன அன்னிக்கு உன் ஃபோன்ல நெட் இருந்துச்சு. ஹெட்ஃபோன் போனா சும்மாவே பேசலாம். இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் பார்க்கலை பாரு, அதுதான் எனக்கு எரியுது.”

நாத்தனார் ஒரு மிட்டாய்த் தாளை விரலில் சுற்றினாள்.

“எந்தக் கம்பெனி ஒரு பூனைக்காகத் திரும்பத் திரும்பத் தேதி மாத்தும்? நான் அஞ்சு நிமிஷம் லேட்டாப் போனதுக்கு, பேரைக்கூடக் கேட்காம வாட்ச்மேனை விட்டுத் திருப்பி அனுப்பினாங்க. உன் ஃபோன் மல்லாந்தே கிடக்கு. காலையிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டு, எங்கேம்மா இருக்கேன்னு கேட்கலை. இண்டர்வியூவே இல்லை. இல்லையா?”

“முதல் ரவுண்டு இருந்துச்சு.” நாத்தனார் மிட்டாயைத் தாளில் துப்பினாள். அழுவாள் என்று டிகிரி நினைத்தாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “உன்னைப் பத்திச் சொல்லுன்னான் அந்தாளு. என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? எங்கப்பா ஏணிக்குக் கீழே நின்னேன்னு சொல்லவா? வாயைத் திறந்தேன், சத்தம் வரலை. தேங்க்யூன்னு சொல்லிட்டுக் கட் பண்ணிட்டான். கதவைத் திறந்தா, மூணு பேரும் மூச்சுவிடாம நிக்கறாங்க. அண்ணன் கையில கேக்கு. எனக்கு ‘அடுத்த ரவுண்டு’ன்னு வந்துடுச்சு வாயில. அவ்வளவுதான். அப்புறம் அடுத்த ரவுண்டுக்கு ஒரு தேதி சொல்ல வேண்டியதாச்சு. அந்தத் தேதி வந்துக்கிட்டே இருக்கு.”

“சொல்லிட்டுப் போயிருக்கலாமே.”

“யார்கிட்ட? அண்ணன் பத்தாவதுல தோத்தான், யாரும் ஒண்ணும் சொல்லலை. அப்பாவுக்கு முட்டி போச்சு, பரவாயில்லைன்னு உட்கார வச்சாச்சு. பூனையைக்கூட ஒரு தடவை மன்னிச்சு விட்டாங்க. இந்த வீட்டுல தோத்துப்போக எனக்கு மட்டும்தான் அனுமதி இல்லைக்கா.”

டிகிரிக்கு நாக்கின் அடியில் கசந்தது. அவள் மருந்தை வாயில் வைத்திருக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பலகை, நன்றாகப் போகிறது என்று வீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிற ஆபீஸ், எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின.

“அதனால பூனையை மாட்டிவிட்டுட்ட.”

“அதுக்குப் பேச வாய் இல்லையே.”

“உனக்கு இருக்கு.” டிகிரி லேப்டாப்பை மூடினாள். “அது குடோனுக்குப் போனா உங்க அண்ணி இந்த வீட்டுல மறுபடி சிரிக்க மாட்டா. உனக்கும் அது தெரியும். நான் உன்னைக் காட்டிக்குடுக்கப் போறதில்லை. ஆனா பூனைன்னு மட்டும் என் வாயால வராது.”

அப்போது கூடத்திலிருந்து கூடை மூடுகிற சத்தமும், அதற்குள்ளிருந்து மேனேஜரின் நீளமான அலறலும் கேட்டன.

டிகிரி வெளியே வந்தபோது வேன்காரன் கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மருமகள் அழவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகம் வெளுத்திருந்தது.

“கண்டுபிடிச்சாச்சா?” என்றான் வேன்காரன், நிமிராமல். “சொல்லுங்க. யார் கடிச்சது?”

டிகிரி வாயை மூடிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேச்சு பேசுகிறவளுக்கு அதுதான் அன்றைக்குப் பெரிய வேலையாக இருந்தது.

“நான்தான்,” என்றார் மாமனார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். குழிவிழுந்த கன்னம், உள்ளே மடிந்த உதடு. “நான்தான் கடிச்சேன். பொண்ணு எங்கேயோ தூரமாப் போயிடுமேன்னு. பூனையை விட்டுடு.”

“எதை வச்சுக் கடிச்சப்பா?” என்றான் வேன்காரன். சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். பாதியில் நின்றுவிட்டது.

மொக்கையார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்துக்கு அவரிடம் பத்து ஜோக்காவது இருந்திருக்கும். ஒன்றையும் எடுக்கவில்லை.

நாத்தனார் வந்தாள். கோட்டைக் கழற்றியிருந்தாள். நேராக டிகிரியிடம் வந்து, கையிலிருந்த சார்ஜர் வயரை வாங்கி, கடிபடாத பக்கமாகப் பார்த்துப் பிடித்து, வலது கடைவாயில் வைத்தாள். தலையை ஒரு சின்னத் திருப்பு. ஒரு இழுப்பு. கறுப்புத் தோல் மோதிரம்போலக் கழன்று அவள் பல்லிடையில் நின்றது. அதைக் கையில் துப்பினாள். கசந்திருக்கும், முகம் மாறவில்லை.

“இப்படித்தான்,” என்றாள். “எல்லாத் தடவையும் இப்படித்தான்.”

 மாமனார் கையை நீட்டினார். அடிக்கப் போகிறாரோ என்று டிகிரி ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் வயரை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, உரிந்த செம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கீறல் இருக்கிறதா என்று. பழக்கம்.

மருமகள் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். வேன்காரன் தடுக்கவில்லை. பூனையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். “இனிமே இந்த வீட்டுல எது கெட்டாலும், முதல்ல அவங்கவங்க வாயைப் பார்த்துக்கோங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. நாத்தனாரை அவள் திரும்பியே பார்க்கவில்லை.

வேன்காரன் காலிக் கூடையை வெறித்துக்கொண்டு நின்றான். “சரி,” என்றான் கடைசியில். குரல் சமாதானமாகவே இருந்தது. “கடிச்சது கடிச்சாச்சு. அடுத்த ரவுண்டு எப்போ வச்சிருக்காங்க?”

“அடுத்த ரவுண்டு இல்லைண்ணா.”

“கேட்டுப் பார்க்கலாமே. மெயில் போட்டிருக்கியே.”

“முதல் ரவுண்டுலயே வேண்டாம்னுட்டாங்கண்ணா. மெயில் போடலை. எதுவுமே போடலை.”

அவன் தலையாட்டினான். நன்றாகப் புரிந்தவன்போல இரண்டு மூன்று தடவை ஆட்டினான். சட்டைப் பையில் சாவியைத் தேடினான். அது கையிலேயே இருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் வாசலிறங்கி, வேன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான்.

நாத்தனார் ஓடிப்போய், இண்டர்வியூ அன்றைக்கெல்லாம் செய்வதுபோல ஜன்னலைச் சாத்தக் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் தள்ளவில்லை. தெரு முனைக்குப் போகவில்லை. வாசலிலேயே ஸ்டார்ட் செய்தான். ஆக்ஸிலரேட்டரில் வைத்த காலை எடுக்காமல், ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் அதிர அதிர, வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாமல், அப்படியே உறுமவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.